மொறிஸ் மைனரை வரைந்த அகதி

யாழ்ப்பாணத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய எவரிடமும் மொறிஸ் மைனர் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கலியாண ஊர்வலம், ஒரு ஆஸ்பத்திரிப் பயணம், சந்தியில் வாடகைக்கு நின்ற கார்களின் வரிசை என்று ஏதோ ஒன்று அவர்களுக்கு ஞாபகம் வரும். உருண்டையான முதுகும் இரண்டு பெரிய கண்கள் போன்ற விளக்குகளும் கொண்ட அந்தக் காரை எங்கள் ஊர்கள் நன்றாக அறியும். அதை வரைந்த மனிதரைப் பற்றி அவ்வளவு அறியாது.

அவர் பெயர் அலெக் இஸிகோனிஸ். உலகம் அவரைப் பெரும்பாலும் மினி காரின் தந்தை என்றே நினைவு வைத்திருக்கிறது. பிரித்தானியாவின் சேர் பட்டம் பெற்றவர், அந்நாட்டின் கார்த் தொழிலுக்கே முகமாக இருந்தவர். ஆனால் அவர் பிரித்தானியாவில் பிறந்தவரல்ல. பதினைந்து வயதில், எரியப்போகும் ஒரு நகரத்திலிருந்து கப்பலேற்றப்பட்டு, வீட்டையும் தொழிற்சாலையையும் விட்டுவிட்டு வந்தவர்.

எரிந்த துறைமுகம்

இஸிகோனிஸ் 1906 நவம்பர் 18 ஆம் திகதி ஒட்டோமான் பேரரசின் ஸ்மிர்னா நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மீர் என்று அழைக்கப்படும் துறைமுக நகரம் அது. கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மீனியரும் யூதரும் ஐரோப்பிய வணிகக் குடும்பங்களும் அருகருகே வாழ்ந்த ஊர். தந்தை கொன்ஸ்தாந்தீன் கிரேக்கர். கப்பல்களுக்கான பொறியியல் வேலைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தியவர். தாய் ஹுல்டா ஜேர்மனியின் பவேரியாவை மூலமாகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். அந்தக் குடும்பம் ஸ்மிர்னாவில் பியர் வடிசாலை வைத்திருந்தது.

இந்தக் குடும்பத்திடம் இன்னொன்றும் இருந்தது. அலெக்கின் பாட்டனார், பிரித்தானியர் அமைத்த ஸ்மிர்னா - அய்டின் ரயில் பாதைக்காகச் செய்த வேலையின் மூலம் பிரித்தானியக் குடியுரிமை பெற்றிருந்தார். அந்தக் கடதாசி தலைமுறை வழியாகப் பேரனுக்கும் வந்தது. சாதாரண காலத்தில் அது ஒரு அலுமாரிக்குள் கிடக்கும் பத்திரம் மட்டுமே.

முதலாம் உலகப் போருக்குப் பின் ஸ்மிர்னாவைக் கிரேக்கப் படைகள் பிடித்தன. 1922 செப்டெம்பரில் அப்படைகள் தோற்றுப் பின்வாங்க, துருக்கியப் படைகள் நகருக்குள் வந்தன. செப்டெம்பர் 13 ஆம் திகதி மூண்ட பெருந்தீ கிரேக்க, ஆர்மீனியக் குடியிருப்புகளை நாட்கணக்கில் தின்றது. பின்னால் நெருப்பு, முன்னால் கடல். நடுவில் இருந்த துறைமுகக் கரையில் இலட்சக்கணக்கானோர் நெரிந்து நின்றார்கள். வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் அதே கடலில் நங்கூரமிட்டு நின்றன. தத்தமது நாட்டுப் பிரஜைகளை அவை ஏற்றிக்கொண்டன. மற்றவர்களை ஏற்றுவதற்கான உத்தரவு நெடுநேரம் வரவில்லை. இந்தக் காட்சியை எங்கள் வாசகர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இஸிகோனிஸ் குடும்பத்தை அலுமாரிக் கடதாசி காப்பாற்றியது. பிரித்தானியப் பிரஜைகள் என்பதால் பிரித்தானியக் கடற்படையினர் அவர்களை மால்டா தீவுக்கு அப்புறப்படுத்தினார்கள். தொழிற்சாலை, வீடு, உறவு வட்டம் எல்லாம் ஸ்மிர்னாவோடு போயின. தந்தை அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை. இங்கிலாந்து மண்ணை மிதிக்காமலே இறந்தார். 1923 இல் தாயும் மகனும் மட்டும் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பின் தாயின் மரணம் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, அந்த இருவரும்தான் ஒருவருக்கு ஒருவர் குடும்பம். அலெக் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

கணக்கில் தோற்ற மாணவன்

லண்டனில் பற்றர்சீ தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். வரைவதில் கெட்டிக்காரன், கணிதத்தில் மூன்று முறை சித்தியடையவில்லை. அந்தத் தோல்வியை அவர் வாழ்நாள் முழுவதும் ஒரு பிடிவாதமாக மாற்றி வைத்திருந்தார். கற்பனை உள்ளவனுக்குக் கணிதம் எதிரி என்பது அவருடைய பேச்சு. அவர் வரைந்தவற்றைக் கணக்கிட்டு நிரூபிக்கும் வேலையைப் பக்கத்தில் இருந்த திறமைசாலிகள் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

படிக்கும் காலத்தில் ஒரு சிங்கர் காரில் தாயையும் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றப் போனார். கார் வழி நெடுகப் பழுதானது. வீதியோரத்தில் நின்று கையால் திருத்தித் திருத்தி ஓட்டிய அந்தப் பயணம் அவருக்கு இன்னொரு கல்லூரியாக இருந்திருக்க வேண்டும். பிறகு கியர் தொடர்பான ஒரு சிறு நிறுவனத்தில் வேலை, 1934 இல் ஹம்பர் நிறுவனம், 1936 இல் ஒக்ஸ்போர்டின் புறநகரான கௌலியில் இருந்த மொறிஸ் மோட்டோர்ஸ். ஓய்வு நேரத்தில் நண்பர் ஜோர்ஜ் டௌசனுடன் சேர்ந்து, பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே, இலேசான பந்தயக் கார் ஒன்றையும் கட்டி முடித்தார். பாரம் குறைந்தால் சிறிய என்ஜின் போதும் என்ற எண்ணம் அதில் தொடங்கியது.

நான்கு அங்குலம்

இரண்டாம் உலகப் போரின் நடுவில், தொழிற்சாலை இராணுவத் தேவைகளுக்கு வேலை செய்துகொண்டிருந்தபோதே, போருக்குப் பின் மக்கள் எந்தக் காரை வாங்குவார்கள் என்ற யோசனை மொறிஸ் நிறுவனத்தில் தொடங்கிவிட்டது. துணைத் தலைவர் மைல்ஸ் தோமஸ் அந்த வேலையை இஸிகோனிஸிடம் கொடுத்தார். அவருடன் இருந்தவர்கள் ஜக் டானியல்ஸ், ரெஜ் ஜோப் என்ற இருவர் மட்டுமே. உடலை ஒருவர், கீழ்ப்பாகங்களை ஒருவர் வரைய, கதவுப் பிடி வரைக்கும் முழுக் காரின் உருவத்தையும் இஸிகோனிஸ் தன் கையால் கீறிக் கொடுத்தார்.

காரின் மாதிரி தயாராகி, உற்பத்திக்குப் போகும் தறுவாயில், அவருக்கு மனம் ஒப்பவில்லை. கார் ஒடுக்கமாகத் தெரிந்தது. தொழிலாளரைக் கொண்டு மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டுவித்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியபோது சரியாக இருந்தது. அந்த நான்கு அங்குலத்துக்காகச் செலவும் வேலையும் கூடியது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களை வெட்டி நடுவில் துண்டு வைத்து ஒட்டினார்கள்.

நிறுவனத்தின் உரிமையாளர் நஃபீல்ட் பிரபுவுக்கு இந்தக் கார் கண்ணிலும் காட்டக் கூடாததாக இருந்தது. அவித்த முட்டையோடு அதை ஒப்பிட்டு ஏளனம் செய்தார். ஆனாலும் 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் வெளிவந்தது. துல்லியமான ஸ்ரியறிங், முன்சில்லுகளுக்கு முறுக்குக் கம்பித் தொங்கல், சிறிய சில்லுகள், தரையோடு ஒட்டி ஓடும் நிதானம் என்று, சாதாரண உழைப்பாளி வாங்கும் காருக்கு அதுவரை கிடைக்காதவை அதில் இருந்தன. 1960 முடிவில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்த எண்ணிக்கையைத் தொட்டது அதுவே முதல் தடவை. உற்பத்தி நின்ற 1970களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி கப்பலேறி இலங்கைக்கும் வந்தது.

பத்து அடிப் பெட்டி

1952 இல் மொறிஸும் அதன் போட்டி நிறுவனமான ஒஸ்ரினும் இணைந்து பி.எம்.சி ஆயின. இஸிகோனிஸ் அல்விஸ் நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் வரைந்த பெரிய கார் உற்பத்திக்கு வரவேயில்லை. 1955 இல் பி.எம்.சியின் தலைவர் லெனார்ட் லோர்ட் அவரைத் திருப்பி அழைத்தார்.

அடுத்த ஆண்டு சுயஸ் நெருக்கடி. எகிப்து கால்வாயைத் தேசியமயமாக்க, பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுக்க, எண்ணெய் வரத்துத் தடைப்பட்டது. பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டுக்கு வந்தது. மூன்று சில்லுகளில் ஓடும் முட்டை வடிவச் சிறு கார்களை மக்கள் வாங்கத் தொடங்கினார்கள். அவற்றை வீதியிலிருந்து விரட்டக்கூடிய ஒழுங்கான சிறிய கார் ஒன்று வேண்டும், என்ஜின் மட்டும் கையில் இருப்பதாக இருக்க வேண்டும் என்று 1957 இல் லோர்ட் கேட்டார்.

இஸிகோனிஸ் மனிதரிலிருந்து தொடங்கினார். நான்கு பேர் நிம்மதியாக இருக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்து, மிஞ்சிய இடத்துக்குள் இயந்திரத்தை அடக்கப் பார்த்தார். காரின் நீளம் பத்து அடி. வழக்கமாக நெடுக்காக வைக்கும் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டிக்குத் தனி இடம் இல்லை என்பதால் அதை என்ஜினுக்குக் கீழே, அதே ஒயில் தொட்டிக்குள் அடக்கினார். என்ஜின் முன்சில்லுகளையே சுழற்றியதால், நடுவால் பின்னுக்கு ஓடும் நீண்ட தண்டும் அதற்கான மேடும் தேவைப்படவில்லை. றேடியேற்றர் ஒரு பக்கத்துக்குப் போனது. சில்லுகளைப் பத்து அங்குலமாகச் சுருக்கினார். அவ்வளவு சிறிய ரயரை டன்லொப் நிறுவனம் இதற்காகவே செய்து கொடுத்தது. இரும்புச் சுருளுக்குப் பதிலாக அவருடைய நண்பர் அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய இறப்பர்க் கூம்புகள் பாரத்தைத் தாங்கின.

1959 ஓகஸ்ட் 26 ஆம் திகதி மினி அறிமுகமானது. விலை 500 பவுணுக்குச் சற்றுக் குறைவு. முதலில் மக்கள் இதை நம்பிக்கையில்லாமல் பார்த்தார்கள். பிறகு கூலித் தொழிலாளியும் வாங்கினார், திரைநட்சத்திரமும் வாங்கினார். பந்தயக் கார்களைக் கட்டிய ஜோன் கூப்பர் இதை வேகக் காராக மாற்ற, 1964, 1965, 1967 ஆண்டுகளில் மொண்டி கார்லோ பந்தயத்தை அந்தக் குட்டிக் கார் வென்றது. இன்று உலகத்தில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பெரும்பாலானவை குறுக்கு என்ஜினும் முன்சில்லு இழுவையும் கொண்டவை. எங்கள் வீதிகளில் ஓடும் அல்டோவும் விட்ஸும் அந்த வழியில் வந்தவைதான்.

பிழைகளும் இறங்குமுகமும்

இஸிகோனிஸை ஒரு குறையுமற்ற மேதையாகச் சொல்லும் கதைகள் நிறைய உண்டு. அவை முழு உண்மை அல்ல. முதல் மினிகளுக்குள் மழைத்தண்ணீர் புகுந்தது; தரைத் தகடுகள் பொருத்தப்பட்ட விதம் தண்ணீரை உள்ளே அள்ளியது. மழையில் மின்பொறி வழங்கும் பாகம் நனைந்து கார் நின்றது. தனக்கு வேண்டாதது மற்றவருக்கும் வேண்டாம் என்று அவர் நினைத்தார். காரில் வானொலி அவருக்குப் பிடிக்காது. சொகுசான இருக்கை ஓட்டுநரை நித்திரையாக்கும் என்பது அவர் எண்ணம். சந்தை ஆய்வை மதிக்கவில்லை. இணைந்து வேலை செய்தவர்களில் சிலர் அவரைக் கொண்டாடினார்கள், சிலர் அவருடைய இறுமாப்பில் நொந்துபோனார்கள்.

பணக் கணக்கிலும் பிழை இருந்தது. ஃபோர்ட் நிறுவனம் ஒரு மினியை வாங்கிக் கழற்றிப் பார்த்து, இந்த விலைக்கு விற்றால் காருக்கு 30 பவுண் அளவில் நட்டம் என்று கணித்ததாகச் சொல்லப்படுகிறது. நாட்டில் அதிகம் பேசப்பட்ட காரைச் செய்த நிறுவனம் போதிய இலாபம் காணவில்லை. 1962 இல் வந்த 1100 கார் நன்றாக விற்றது. 1964 இன் 1800, 1969 இன் மக்ஸி ஆகியவை எதிர்பார்த்த அளவுக்குப் போகவில்லை.

1968 இல் பி.எம்.சி, லேலண்டுடன் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. புதிய நிர்வாகம் தலைமை வடிவமைப்புப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்து, இஸிகோனிஸை விசேட ஆய்வு என்ற பெயரில் ஒரு பக்கத்துக்கு நகர்த்தியது. மினிக்குப் பதிலாக அவர் வரைந்திருந்த 9எக்ஸ் என்ற, மினியிலும் நீளம் குறைந்த, உள்ளே இடம் கூடிய கார் மாதிரியோடு நின்றது. அடுத்த ஆண்டில் அவருக்குச் சேர் பட்டம் கிடைத்தது. பட்டம் வந்த வேளையில் அதிகாரம் போயிருந்தது. 1971 இல் ஓய்வு பெற்றபோது பிரியாவிடைப் பரிசாக அவர் விரும்பியது சிறுவர்கள் பொருத்தி விளையாடும் மெக்கானோ தொகுதியின் ஆகப் பெரிய பெட்டி. அடுத்த ஆண்டு தாய் காலமானார். அவரைத் தவிர ஸ்மிர்னாவை அறிந்த கடைசி ஆளும் அந்த வீட்டிலிருந்து போய்விட்டார். 1988 ஒக்டோபர் 2 ஆம் திகதி பேர்மிங்ஹாம் எட்ஜ்பாஸ்ரனில் இஸிகோனிஸ் இறந்தார்.

மண்ணெண்ணெயில் ஓடிய காலம்

அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அவர் கண்டிராத ஒரு சோதனைக்கு அவருடைய கார் உட்பட்டது. 1990களில் வடக்கு மீது பொருளாதாரத் தடை இறுகியபோது பெற்றோல் கிடைப்பது அரிதானது. கிடைத்த பெற்றோல் போத்தல் கணக்கில் விலைபோனது. புதிய கார்கள் ஓலைக் கொட்டில்களுக்குள் அடங்கின. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் ஓடின.

காரணம் எளிது. பழைய என்ஜின்களின் அமுக்க விகிதம் குறைவு, கார்புரேற்றர் எளிமையானது, இலத்திரனியல் எதுவும் இல்லை. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கக்கியது, மணத்தது, பிளக் அடிக்கடி கரி பிடித்தது. ஆனால் ஓடியது. பிரசவத்துக்குப் போன பெண்களையும் காயப்பட்டவர்களையும் ஏற்றியது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நகர்ந்த அந்த மழை இரவில், சைக்கிள்களுக்கும் லான்ட்மாஸ்ரர்களுக்கும் நடுவே இந்தக் கார்களும் ஊர்ந்தன. அகதி ஒருவன் வரைந்த கார் அகதிகளைச் சுமந்து போனது என்று அன்று எவருக்கும் நினைக்க நேரமிருக்கவில்லை.

அந்தக் கார்களை ஓட வைத்தவர்கள் எங்கள் கராஜ்காரர்கள். புதுப் பாகம் வராத காலத்தில் பழையதைக் கடைந்தும், ஒட்டியும், இன்னொரு வாகனத்தின் பாகத்தை அராவிப் பொருத்தியும் சமாளித்தார்கள்.

இரண்டு புத்துயிர்ப்புகள்

இதே ஆண்டுகளில் பிரித்தானியாவில் பழைய கார்களுக்குப் புத்துயிர் கொடுக்கும் வேலை இரு வழிகளில் நடந்தது.

ஒன்று பெரிய முதலீட்டின் வழி. பிரிட்டிஷ் லேலண்டின் எச்சமாக மிஞ்சிய ரோவர் நிறுவனத்தை 1994 இல் ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ வாங்கியது. அப்போது பி.எம்.டபிள்யூவின் தலைவராக இருந்த பேர்ண்ட் பிஷெட்ஸ்ரீடர், இஸிகோனிஸுக்குத் தாய்வழி உறவினர். ரோவரில் பி.எம்.டபிள்யூ பெரும் நட்டம் கண்டது. 1999 இல் அவர் பதவி விலகினார். 2000 இல் ரோவர் கைமாறியது. மினி என்ற பெயரை மட்டும் பி.எம்.டபிள்யூ விடவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் பழைய மினியின் கடைசிக் கார் வெளிவந்தது. மொத்தம் 53 இலட்சத்துக்கும் மேல். 2001 இல் புதிய மினி விற்பனைக்கு வந்தது. அது செய்யப்படுவது இஸிகோனிஸ் மைனரை வரைந்த அதே கௌலியில். ஆனால் பழையதைவிட அரை மீற்றருக்கும் மேல் நீளம், பாரமும் விலையும் அதிகம். பெற்றோல் தட்டுப்பாட்டில் ஏழைக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்று பிறந்த கார், வசதியுள்ளவரின் விருப்பப் பொருளாகத் திரும்பி வந்தது. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கானோரின் வேலை தப்பியது என்பதும் உண்மை.

மற்றது சிறிய கைகளின் வழி. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் என்பவர் 1970களிலேயே மொறிஸ் மைனருக்கென ஒரு நிலையம் தொடங்கினார். ஒரு நல்ல காரைத் திருத்தித் திருத்தி வாழ்நாள் முழுவதும் பாவிக்கலாம், அதுவே மலிவு என்பது அவருடைய வாதம். உற்பத்தி நின்றுபோன காருக்குப் பாகங்கள் வேண்டுமே? 1990களில் அவர் இலங்கையில் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கினார். இந்த நாட்டின் தொழிலாளர்கள் மொறிஸ் மைனருக்கான தகடுகளையும் பாகங்களையும் செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பினார்கள்.

அதே தீவு. ஒரு பக்கத்தில் மைனரின் புதிய பாகங்கள் கப்பலேறின. மறுபக்கத்தில், தடைக்குள், மைனரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்கு ஒரு பற்றறிகூட ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. போர் என்பது குண்டு விழும் இடத்தில் மட்டும் நடப்பதில்லை. எதை எவர் கைக்குப் போகவிடுவது என்பதிலும் நடக்கிறது. ஆனால் அங்கே சம்பளத்துக்குத் தகடு அடித்தவரும் இங்கே கூலிக்குத் தகடு ஒட்டியவரும் செய்தது ஒரே வேலைதான். எங்கள் கராஜ்காரர்களின் அந்த வேலையை எவரும் புத்துயிர்ப்பு என்று எழுதவில்லை. அந்தத் தலைமுறை வயதாகி ஓய்ந்துகொண்டிருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்த வழிகளை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய இன்னும் கொஞ்சக் காலமே இருக்கிறது.

இன்றும் சில வீட்டு முற்றங்களில், உறையைப் போர்த்திக்கொண்டோ துருவேறியோ, ஒரு மொறிஸ் மைனர் நிற்கும். அடுத்த முறை கண்டால் அதன் முன்மூடியைப் பாருங்கள். நடுவால் நெடுக ஒரு தட்டையான பட்டி ஓடும். ஊரிழந்து வந்த ஒருவர், முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன காரை இரண்டாக வெட்டி, மனம் ஒப்பும் வரை விலக்கிப் பார்த்த நான்கு அங்குலம் அதுதான்.